வினையை இழக்கும் மொழி வேரையே இழக்கும்!



திண்டுக்கல்லைச் சூழ்ந்த வெளிநிலத்தில் ஒரு வட்ட அலுவலகம். அதன் வாயிலில் 'வருவாய்த் தீர்வாயம்' என்று பெரிய எழுத்துகளில் எழுதிக் கட்டியிருந்தனர். குடகனாற்றங்கரை ஊர் ஒன்றிலிருந்து வந்த முதிய உழவர் ஒருவர், வேப்பமரத்து நிழலில் அமர்ந்து முறையீடு எழுதித் தருபவரிடம் தம் குறையைச் சொல்லிக்கொண்டிருந்தார். எழுதுபவர் எழுதி முடித்துப் படித்துக் காட்டினார்: 'மேற்படி தாலுகா சமாபந்தியில் ஆசராகி, பாக்கி வசூலை ரத்து செய்து பைசல் செய்யக் கோரி முறையீடு தாக்கல் செய்கிறேன்.' முதியவர் சற்று நேரம் வாளா நின்றார். பிறகு கேட்டார்: 'இதைக் குடுத்தா என் வழக்குத் தீந்துருமுங்களா, தீராதுங்களா?'

அந்த ஒரு வினாவில் அடங்கியுள்ள செய்தியையே இத்திங்கள் உங்கள் முன் வைக்க விழைகின்றோம். அரசு 'தீர்வாயம்' என்கின்றது. உழவர் 'தீருமா' என்கின்றார். இருவரும் 'தீர்' என்னும் ஒரே தமிழ் வினையைத்தான் ஆள்கின்றனர். இடையில் இருந்து எழுதுகின்றவர்தாம் 'பைசல்' என்கின்றார். அவர் எழுதிய அவ்வொரு தொடரில் தாலுகா, சமா, ஆசர், பாக்கி, வசூல், ரத்து, பைசல், தாக்கல் என எட்டுச் சொற்கள் அரபு மொழியின. தமிழுக்கு அத்தொடரில் எஞ்சிய வேலை 'செய்' என்றும் 'ஆகு' என்றும் முட்டுக்கொடுத்து நிற்பதே. வேலைக்காரன் வீட்டுக்காரனாகி, வீட்டுக்காரன் வாயிற்காவலனாகி நிற்கும் நிலை இது அன்றோ!

இவ்விடத்தில் ஒன்றை முதற்கண் தெளிவுறுத்திவிடுகின்றோம். அரபு மொழிமேல் நமக்குக் காழ்ப்பு இல்லை. அம்மொழியைச் சமய மொழியாகப் போற்றுகின்ற நம் உடன்பிறப்புகள்மேல் ஒரு சிறு மனக்குறையும் இல்லை. இன்னும் சொன்னால், ஒரு மொழி தன் வேரைக் கொண்டே எவ்வாறு தன் சொல்லைப் பெருக்கிக்கொள்வது என்பதை நாம் கற்றுக்கொள்ளத் தக்க மொழிகளுள் அரபு முன்னிற்பது. அதனை அறியாமல் அதன் உதிர்ந்த சருகுகளை மட்டும் பொறுக்கி நம் தோட்டத்தில் நட்டு வைத்தோமே என்பதுதான் நம் வருத்தம்.

அரபுச் சொல் எவ்வாறு பிறக்கின்றது? அதனை விளக்க நம் இலக்கணத்தின் இரண்டு சொற்களே போதும்: உயிர், மெய். அரபு வேர் பெரும்பாலும் மூன்று மெய்களால் ஆனது. அம் மெய்கள் உடல். அவற்றின் இடையே புகுந்து இயக்குவன உயிர்கள். உடல் மாறாமல் உயிர் மாறும்போது பொருள் மாறுகின்றது. 'அ-ல்-ம்' என ஏறத்தாழ ஒலிக்கும் வேரை எடுத்துக்கொள்வோம். (அதன் முதலெழுத்துத் தொண்டையின் ஆழத்தில் பிறக்கும் ஒரு மெய். அதற்கு நேரான எழுத்து நம்மிடம் இல்லை.) 'அறிதல்' என்பது அவ்வேரின் பொருள். 'அலிம' என்றால் அறிந்தான். 'இல்ம்' என்றால் அறிவு. 'ஆலிம்' என்றால் அறிந்தவர், அறிஞர். அவ் 'ஆலிம்' பலராயின் 'உலமா'. 'மஅலூம்' என்றால் அறியப்பட்டது. 'அலாமத்து' என்றால் அறிகுறி. இவற்றுள் ஆலிமும் உலமாவும் தமிழக இசுலாமியர் நாவில் நாள்தோறும் வழங்குவன.

இனி அவ்வேர் வினையாக விரிவதைக் காண்க. நடு மெய்யை இரட்டித்து 'அல்லம' என்றால் கற்பித்தான். முன்னே ஓர் அகரம் சேர்த்து 'அஅலம' என்றால் அறிவித்தான். இரட்டித்த வடிவத்தின் முன் 'த' சேர்த்துத் 'தஅல்லம' என்றால் தானே கற்றுக்கொண்டான். 'இசுத' சேர்த்து 'இசுதஅலம' என்றால் அறிய வேண்டினான், உசாவினான். இவ்வாறு ஒரு வேர் ஏறத்தக்க வினை வாய்பாடுகள் பத்து பெருவழக்காய் உள்ளன. எல்லா வேர்களும் பத்திலும் நடப்பதில்லை. எனினும் வாய்பாட்டை அறிந்தவன், முன்பின் கேளாத சொல்லையும் கேட்ட அளவில் ஓரளவு உணர்ந்துகொள்வான்.

பெயர்களுக்கும் அவ்வாறே அச்சுகள் உண்டு. முதல் மெய்யை ஆகாரத்தோடும் இரண்டாம் மெய்யை இகரத்தோடும் ஒலித்தால், அச்செயலைச் செய்கின்றவன் என்று பொருள். ஆலிம் என்பது அவ்வச்சு. காத்திபு, எழுதுகின்றவன், காசி, வழக்கைத் தீர்க்கின்றவன். நம் அலுவலகங்களில் வழங்கும் சாமீன் (பொறுப்பேற்றவன்), வாரிசு (உரிமை பெறுகின்றவன்), ஆசர் (முன்னே நிற்பவன்), பாக்கி (எஞ்சி நிற்பது), தாக்கல் (உள்ளே புகுவது) ஆகிய எல்லாமே அதே அச்சில் வார்த்தவை. முன்னே 'ம' சேர்த்து இரண்டாம் மெய்யை ஊகாரத்தோடு ஒலித்தால் செயப்பட்டது என்று பொருள். மகசூல் (ஈட்டப்பட்டது), மகமூது (புகழப்பட்டவர்) ஆகியன அவ்வகை. 'அமுல்' என்றால் செய்கை. அவ்வேரிலிருந்து அதே அச்சில் வார்த்த சொல் 'மாமூல்'. செய்யப்பட்டு வருவது, வழக்கம் என்பது அதன் பொருள். அரபு நாட்டில் குற்றமற்றுப் பிறந்த அச்சொல் நம் நாட்டில் கையூட்டின் பெயராய் இழிந்தது. முன்னே 'ம' சேர்த்து அகரத்தோடு ஒலித்தால் இடத்தைக் குறிக்கும். எழுதும் இடம் மக்தபு. ஓதிக் கற்கும் இடம் மதரசா. பலரும் முன்வந்து நிற்கும் அவை மகசர். ஆசரும் மகசரும் ஒரு வேரின் பிள்ளைகள்.

நம் தெருவில் வாழும் உடன்பிறப்புகளின் பெயர்களையே பாருங்கள். முகம்மது, அகமது, மகமூது, அமீது ஆகிய நான்கும் 'புகழ்தல்' என்னும் ஒரே வேரின் பூக்கள். இசுலாம், முசுலிம், சலாம், சலீம் ஆகியன வேறொரு வேரின் பூக்கள். பெயரைக் கேட்ட அளவில் வேர் தெரிகின்ற மொழி அது.

அரபு இலக்கணிகள் இவ்வச்சுகளைச் சொல்ல ஓர் அளவுகோலை வைத்துக்கொண்டனர். அது 'பஅல', அதாவது 'செய்தான்' என்னும் சொல். ஆலிம் என்பதைப் 'பாஇல்' வாய்பாடு என்பர். மகசூல் என்பதை 'மபஊல்' வாய்பாடு என்பர். இதைப் படிக்கும்போது தமிழிலக்கணம் கற்றவர் நெஞ்சம் துள்ளாமல் இருக்குமா? 'செய்து என்னும் வாய்பாடு', 'செய என்னும் வாய்பாடு', 'செய்யும் என்னும் வாய்பாடு' என்று தொல்காப்பியர் முதலாக நம் இலக்கணிகளும் அதே 'செய்' என்னும் வினையையே அளவுகோலாகக் கொண்டனர் அல்லரோ? அரபு இலக்கணத்தின் தலைநூலை யாத்த சீபவைகி பாரசீகத்தில் பிறந்து, பசுரா நகரில் கற்று, எட்டாம் நூற்றாண்டின் இறுதியில் மறைந்தவர். அவர் ஆசிரியர் கலீல், எழுத்துகளைத் தொண்டையிலிருந்து இதழ்வரை அவை பிறக்கும் இடமுறையில் நிரல்படுத்தி அகரமுதலி கண்டவர். அவர்களுக்குப் பல நூற்றாண்டு முற்பட்ட தொல்காப்பியத்தில் பிறப்பியல் என்றே ஓர் இயல் உள்ளது. ஒருவரை ஒருவர் அறியாத இரண்டு இனங்கள், மொழியை ஆராய்ந்தபோது ஒரே கதவைத் தட்டியிருக்கின்றன. மொழியின் உயிர்நாடி வினை என்பதை இருவரும் கண்டுகொண்டனர் என்பதே இதன் பொருள்.

அவர்கள் வழி வேறு, நம் வழி வேறு. அரபு தன் வேரின் உள்ளே உயிரை மாற்றுகின்றது, முன்னும் ஒட்டுகின்றது. தமிழோ வேரை முன்னிறுத்திப் பின்னே ஈறு ஈறாகச் சேர்த்துச் செல்கின்றது. 'அல்ம்' வேருக்கு நேராக நம் 'அறி' என்னும் வேரை வையுங்கள். அறிவு, அறிஞர், அறிவி, அறிவிப்பு, அறிக்கை, அறிகுறி, அறியாமை, அறிமுகம் என்று கிளைக்கின்றது. இல்ம் என்பதற்கு அறிவு; ஆலிமுக்கு அறிஞர்; அலாமத்துக்கு அறிகுறி. ஈடு இணையாக நடக்கின்றன அல்லவா? இதில் யாருக்கு யார் கடன்பட வேண்டும்?

இன்னும் ஒரு வியப்பு உண்டு. அரபு மொழி நடு மெய்யை இரட்டித்து, 'அறிந்தான்' என்பதைக் 'கற்பித்தான்' என்று ஆக்குகின்றது எனக் கண்டோம். தமிழும் மெய்யை வலிய ஒலித்தே தன்வினையைப் பிறவினையாக்குகின்றது. ஆடு, ஆட்டு, ஓடு, ஓட்டு, திருந்து, திருத்து, அடங்கு, அடக்கு, காண், காட்டு, உண், ஊட்டு. அவ்வரிசையில் வருவதே பூண், பூட்டு. ஆம், திண்டுக்கல் என்றதும் உலகம் நினைக்கின்ற அந்தப் பூட்டுத்தான்! 2019-ஆம் ஆண்டு புவிசார் குறியீடு பெற்ற அக்கைத்தொழிலின் பெயரே ஒரு தமிழ் வினை. பூண்பது தன்வினை, பூணச் செய்வது பூட்டு. மாங்காய்ப் பூட்டை அரத்தால் அராவிக்கொண்டிருக்கும் தொழிலாளி, தாம் ஓர் இலக்கண உண்மையைக் கையில் வைத்திருப்பதை எண்ணியிருக்க மாட்டார்.

ஆனால் அப்பூட்டைத் திறக்கும் கருவிக்கு அவர் வழங்கும் சொல் என்ன? 'சாவி'. அது போர்த்துக்கேயச் சொல். நம்மிடம் திறவுகோல் என்னும் சொல் இருக்கின்றது. திற, திறப்பு, திறவு, திறவுகோல், திறந்த என ஒரு குடும்பம் முழுவதும் அதனோடு கைகோத்து நிற்கின்றது. சாவிக்குத் தமிழில் தாயும் இல்லை, பிள்ளையும் இல்லை. அரபியர் திறவுகோலை 'மிப்தாகு' என்பர். திறத்தற் கருவி என்பதே அதன் பொருள். திருக்குரானின் முதற்பகுதியாகிய 'பாத்திகா' அதே வேரில் பிறந்தது. திறப்பது, தொடக்குவது என்று பொருள்படும். அவர்கள் மொழியில் திறவுகோலும் திருமறையின் தலைவாயிலும் ஒரு வேரால் பிணைந்திருக்கின்றன. நம் மொழியில் பூட்டுக்கு வேர் உண்டு. சாவி மட்டும் வேரின்றித் தொங்குகின்றது. வேற்றுச்சொல் வந்து சேர்வதால் விளையும் கேடு இன்னது என்பதற்கு இதனினும் எளிய எடுத்துக்காட்டு வேண்டுமோ?

இனி, அரபுச் சொற்கள் இம்மண்ணுக்கு எவ்வாறு வந்தன என்று காண்போம். தமிழக இசுலாமியர் கொண்டுவந்து புகுத்தினர் என்று சிலர் எண்ணுவர். அது முழுப் பிழை. அவர்கள் இறைவனை வணங்குவதைத் தொழுகை என்றனர். உண்ணாதிருத்தலை நோன்பு என்றனர். விழாவைப் பெருநாள் என்றனர். மறையை ஓதுதல் என்றனர். வழிபடும் இடத்தைப் பள்ளிவாசல் என்றனர். ஐந்தும் நற்றமிழ். அதே தெருவில் மற்றவர்கள் பிரார்த்தனை என்றும் விரதம் என்றும் உற்சவம் என்றும் பாராயணம் என்றும் வடமொழி பேசிக்கொண்டிருந்தனர்! 1572-ஆம் ஆண்டிலேயே வண்ணப்பரிமளப் புலவர் 'ஆயிர மசலா' பாடினார். பின்னர் உமறுப்புலவர் சீறாப்புராணம் பாடினார். சமயத்துக்கு வேண்டிய அரபுச் சொற்களைச் சமயத்தில் வைத்துக்கொண்டு, தமிழ் யாப்பில் தமிழ் நிலத்தைப் பாடினர். தமிழை அரபு எழுத்தில் எழுதியபோதும், தமிழுக்கு உரிய ஒலிகளுக்காக அவ்வெழுத்துகளில் புதுப்புள்ளிகள் இட்டுத் தமிழைக் காத்தனர். மசலா என்றால் கேள்வி. 'சவால்' என்று நாம் வீரம் பேசுகின்ற சொல்லும் அவ்வேரில் பிறந்ததே. அவர்கள் அதனை ஒரு நூலின் பெயராக வைத்தனர்; நாம்தாம் அதனைத் தெருச்சொல்லாக்கி, 'அறைகூவல்' என்னும் நம் சொல்லை மறந்தோம்.

அலுவலக அரபு வந்த வழி வேறு. அது ஆட்சியின் வழி. பாரசீகத்தை ஆட்சிமொழியாகக் கொண்ட அரசுகளின் வருவாய்க் கணக்குகளோடு வந்தது. 1755-இல் மைசூர் அரசின் பவுசுதாராகத் திண்டுக்கல் கோட்டைக்கு வந்தவர் ஐதர் அலி. 'பவுசு' அரபு; 'தார்' பாரசீகம். அவருடைய உடன்பிறந்தாள் அமீருன்னிசா பேகத்தின் பெயரால் இன்றும் பேகம்பூர் விளங்குகின்றது. 1790-இல் கோட்டை ஆங்கிலக் கும்பினியார் கைக்குச் சென்றது. 1792-இல் சீரங்கப்பட்டின உடன்படிக்கையால் இந்நிலப்பகுதி முழுவதும் அவர்களுக்கு உரியதாயிற்று. கும்பினியார் ஆட்சியை மாற்றினர். கணக்குச் சொற்களை மாற்றவில்லை. தாசில்தார், தாலுகா, சில்லா, சமாபந்தி, கிசுதி, இனாம், பசலி எல்லாம் அப்படியே நின்றன. ஆளவந்தவனுக்கு வரி வந்தால் போதும். வரி கட்டுகின்றவனுக்குச் சொல் விளங்கினால் என்ன, விளங்காவிட்டால் என்ன? விளங்காமல் இருப்பது அவனுக்கு ஊதியமும் கூட.

அச்சொற்கள் தம் தாய்நிலத்தில் எத்துணை உயிரோடு இருந்தன என்பதை ஒரு வேரைக் கொண்டு காட்டுவோம். 'பிரித்தல்' என்னும் பொருளுடைய ஓர் அரபு வேர் உண்டு. பருவங்களாகப் பிரிப்பதால் 'பசல்' பருவத்தையும் அறுவடையையும் குறித்தது. அதன் வழியே வந்தது பசலி ஆண்டு. ஆங்கில ஆண்டில் 590 கழித்தால் அவ்வாண்டு சூலைத் திங்கள் முதல்நாளில் தொடங்கும் பசலி கிடைக்கும். மெய்யையும் பொய்யையும் பிரித்து முடிவுகூறுவது 'பைசல்'. நிலத்தின் எல்லையையும் அளவையும் பிரித்துப் பிரித்து எழுதுவது 'தபசில்'. தலைநகரிலிருந்து பிரித்துக் காணப்பட்ட வெளியூர்ப் பகுதி 'மொபசல்'. நம் பேருந்து நிலையங்களில் இன்றும் அச்சொல் வழங்குகின்றது. பசலி, பைசல், தபசில், மொபசல் ஆகிய நான்கும் ஒரு தாயின் பிள்ளைகள். அரபு அறிந்தவன் இதைக் கேட்ட நொடியில் உணர்வான். நம் பத்திர எழுத்தரோ நான்கையும் நாற்பது ஆண்டு எழுதினாலும் அவை உறவினர் என்பதை அறியமாட்டார். இலாகாவும் தாலுகாவும் ஒரு வேர். தாசிலும் மகசூலும் ஒரு வேர். மசோதா என்பதற்குக் கருமையாக்கப்பட்டது என்று பொருள். மையால் எழுதிய முதல் வரைவு. இவையெல்லாம் நமக்குத் தெரியுமா? தெரியாத கரணியம் என்ன? நமக்கு வந்தவை வேர்கள் அல்ல. வேரிலிருந்து ஒடித்த குச்சிகள்!

இங்கேதான் நாம் அஞ்ச வேண்டிய இடம் இருக்கின்றது. இவ்வரபுச் சொற்கள் தமிழில் வினையாய் வரவில்லை, பெயராய் வந்தன. வினையாக்க வேண்டுமாயின் 'செய்' என்றோ 'பண்ணு' என்றோ 'ஆகு' என்றோ ஒரு முட்டுக்கோல் வேண்டும். ரத்து செய், சப்தி செய், தாக்கல் செய், பைசல் செய், ஆசராகு. இது தமிழின் நடையே அன்று. 'கர்னா' என்றும் 'ஓனா' என்றும் ஒட்டுகின்ற உருதின் நடை. 'வசூல்' ஒன்று 'வசூலி' என இகரம் ஏற்று வினைபோல் நடிக்கின்றது. அதற்கும் அதனைத் தாண்டிக் கிளை இல்லை. இவ்வொவ்வொன்றும் ஒரு தமிழ் வினையை வீட்டை விட்டு வெளியேற்றியது. ரத்து செய் என்றபோது 'நீக்கு' போயிற்று. சப்தி செய் என்றபோது 'பறி', 'கைப்பற்று' போயின. பைசல் செய் என்றபோது 'தீர்' போயிற்று. வசூல் செய் என்றபோது 'தண்டு' அடியோடு மறைந்து, 'தண்டல்' என்னும் பெயராய் மட்டும் எங்கோ ஒட்டிக்கொண்டது.

ஒரு பெயர்ச்சொல் போவது ஓர் இலை உதிர்வது போன்றது. மற்றோர் இலை துளிர்க்கும். ஒரு வினை போவது கிளை முறிவது போன்றது. 'தீர்' வாழ்ந்தால் தீர்வு, தீர்ப்பு, தீர்வை, தீர்வாயம், தீராமை எல்லாம் வாழும். அது செத்தால் அத்தனையும் செத்தவையே.

இவ்வச்சம் கற்பனை அன்று. பாரசீகத்தைப் பாருங்கள். பிர்தௌசி 1010-ஆம் ஆண்டளவில் அரபுச் சொல் மிகக் குறைந்த நடையில் தம் பெருங்காப்பியமாகிய சாநாமாவை நிறைவேற்றினார். எனினும் பாரசீகம் அரபுப் பெயர்களை எடுத்து எடுத்து, 'கர்தன்' (செய்தல்) என்னும் துணைவினையை ஒட்டி ஒட்டி வினையாக்கியது. இன்று பாரசீகத்தில் தனிவினைகள் எண்ணினால் சில நூறே வழக்கில் உள்ளன. மற்றவையெல்லாம் 'இன்னது செய்தல்' என்னும் கூட்டுவினைகள். வளமான பாட்டும் உரையும் உடைய அம்மொழியே புதிய வினையைத் தன் வேரில் ஈனும் ஆற்றலில் தளர்ந்துவிட்டது என்றால், நாம் எந்த மூலைக்கு?

இன்று அரபின் இடத்தில் ஆங்கிலம் வந்து அமர்ந்துள்ளது. 'போன் பண்ணு', 'டைப் பண்ணு', 'டவுன்லோடு பண்ணு', 'டிரை பண்ணு' என்று நம் பிள்ளைகள் பேசுவது புதிய நோய் அன்று. 'ரத்து பண்ணு' என்று நம் பாட்டன் பேசிய அதே பழைய நோய். அழை, அடி, இறக்கு, முயல் என்னும் நான்கு வினைகள் ஒரு பிள்ளையின் நாவிலிருந்து அகன்று, அந்நான்கின் இடத்திலும் 'பண்ணு' என்னும் ஒன்றே உட்கார்ந்துவிட்டது. ஒரு தலைமுறை முழுவதும் ஒரே வினையால் பேசினால், அடுத்த தலைமுறைக்கு எஞ்சுவது எது?

'வேற்றுச்சொல்லை ஏற்பதனால்தான் மொழி வளரும். அரபு மட்டும் ஏற்கவில்லையா?' என்று கேட்பார் உளர். நேர்மையான கேள்வி, மறுமொழி சொல்லக் கடன்பட்டுள்ளோம். அரபும் ஏற்றது. 'டெலிபோன்' அங்கும் சென்றது. ஆனால் அவர்கள் அதன் மெய்களைப் பிழிந்தெடுத்துத் 'தல்பன' என்று, அதாவது 'தொலைபேசினான்' என்று, தம் வினை அச்சிலே வார்த்துக்கொண்டனர். வந்தவனைத் தம் உடையை உடுத்தச் செய்தனர். அதோடு நிற்கவும் இல்லை. குரல் கொடுத்து அழைப்பது என்னும் பொருள்தரும் 'காத்திபு' என்ற தம் பழஞ்சொல்லையே தொலைபேசிக்குச் சூட்டினர். (எழுதுகின்றவனைக் குறிக்கும் காத்திபு வேறு வேர், நம் எழுத்தில் இரண்டும் ஒன்றுபோல் தோன்றுகின்றன.) பண்டு வழிச்செல்வோர் கூட்டத்தைக் குறித்த 'சையாரா' இன்று மகிழுந்து, வரிசையாகச் செல்லும் ஒட்டகங்களைக் குறித்த 'கித்தார்' இன்று தொடர்வண்டி, பறத்தல் என்னும் வேரிலிருந்து 'தாயிரா' வானூர்தி, கணக்கிடுதல் என்னும் வேரிலிருந்து 'காசூபு' கணிப்பொறி. இதற்கென்றே தமாசுகசில் 1919-இலும் கெய்ரோவில் 1932-இலும் மொழிக்கழகங்களை நிறுவினர். தெருவில் அயற்சொல் வழங்குவது அங்கும் உண்டு. எனினும் படித்தவர் எழுத்தில் வேர்ச்சொல்லுக்கே மதிப்பு.

துருக்கியர் 1932-இல் மொழிக்கழகம் கண்டு, அரபுச் சொற்களைத் தம் ஆட்சியிலிருந்து அகற்றத் தொடங்கினர். துருக்கியும் தமிழைப் போலவே வேரின்பின் ஈறு சேர்த்து நடக்கும் மொழி. 'மக்தபு' போய், ஓதுதல் என்னும் தம் வினையிலிருந்து 'ஒக்குல்' என்ற சொல் பள்ளிக்கு வந்தது. ஈறு சேர்க்கும் மொழி இதனைச் செய்ய இயலாது என்பார்க்கு அதுவே விடை.

நாமும் செய்திருக்கின்றோம். 1916-இல் மறைமலையடிகள் தனித்தமிழ் இயக்கம் கண்டார். பாவாணர் தம் வாழ்நாளெல்லாம் வேர்ச்சொல் அகழ்ந்து, 1974-இல் தமிழக அரசு தொடங்கிய சொற்பிறப்பியல் அகரமுதலித் திட்டத்துக்கு முதல் இயக்குநராய் இருந்து, 1981-இல் மறையும்வரை உழைத்தார். 1956-ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம் வந்தபின், சில்லா மாவட்டமாயிற்று, தாலுகா வட்டமாயிற்று, தாசில்தார் வட்டாட்சியரானார், கசானா கருவூலமாயிற்று, வக்கீல் வழக்குரைஞரானார், சாமீன் பிணையாயிற்று, இலாகா துறையாயிற்று, மசோதா சட்டமுன்வடிவாயிற்று, சமாபந்தி வருவாய்த் தீர்வாயமாயிற்று. இவையெல்லாம் தொடக்கத்தில் எள்ளி நகையாடப் பெற்றவையே. இன்று மாவட்டம் என்னும் சொல்லைக் கேட்டு நகைப்பவர் எவரேனும் உளரோ? 1985-இல் மதுரையிலிருந்து பிரிந்தபோது திண்டுக்கல், சில்லாவாகப் பிறக்கவில்லை; மாவட்டமாகவே பிறந்தது.

ஆனால் நாம் இதுகாறும் மாற்றியவை பெரிதும் பெயர்கள். பலகையில் தமிழ் வந்தது; வாயில் வரவில்லை. வினைகளை மீட்கவில்லை. ஆகவேதான் வாயிலில் தீர்வாயம் என்று எழுதியிருக்க, வேப்பமரத்தடியில் பைசல் நடந்துகொண்டிருக்கின்றது.

எனவே, தமிழ் நெஞ்சங்களே, உங்களிடம் மூன்று வேண்டுகோள்களை வைக்கின்றோம். ஒன்று: 'செய்', 'பண்ணு' என்று ஒட்டி வருகின்ற ஒவ்வொரு கூட்டுவினையையும் கண்டவுடன் நின்று, அதற்குரிய ஒற்றைத் தமிழ்வினை யாது என எண்ணிப் பாருங்கள். நாளுக்கு ஒன்று போதும். ஆண்டுக்கு முந்நூற்றைம்பதுக்கு மேல் ஆகும். இரண்டு: அலுவலகத்துக்கும் வழக்குமன்றத்துக்கும் எழுதும்போது, படிக்கத் தெரியாத உங்கள் பாட்டி கேட்டால் விளங்குமா என்பதை அளவுகோலாகக் கொள்ளுங்கள். விளங்காத முறையீடு முறையீடே அன்று. மூன்று: அரபு கற்ற ஆலிம் எவரேனும் உங்கள் ஊரில் இருப்பின், அவரிடம் சென்று ஒரு வேர் எத்தனை சொல்லாய் விரிகின்றது என்று கேட்டறியுங்கள். அவர் தம் வேரைக் காட்டுவார். நீங்கள் உங்கள் வேரைக் காட்டுங்கள். இரண்டு வேர்கள் பேசிக்கொள்ளும் இடத்தில் பகை முளைக்காது, மதிப்பே முளைக்கும். தன் மொழியின் வேரை அறிந்தவனே பிறன் மொழியின் வேரையும் போற்றுவான்.

அன்று அம்முதியவரின் வினாவுக்கு எழுதுபவர் என்ன மறுமொழி சொன்னார் தெரியுமா? சற்றே நாணி, எழுதிய தாளைக் கிழித்துவிட்டு, வேறொரு தாளை எடுத்து எழுதினார்: 'நிலுவைத் தண்டலை நீக்கி, என் வழக்கைத் தீர்த்துத் தர வேண்டுகிறேன்.' படித்துக் காட்டியபோது முதியவர் தலையசைத்தார். முதல் தொடரினும் அது சிறியது. தாளும் மிச்சம், மையும் மிச்சம். தமிழும் மிஞ்சியது.

பூட்டுக்குத் திறவுகோல் நம் கையிலேயே உள்ளது. திறப்போம்!

வினை வாழ்க! வேர் வாழ்க! தமிழ் வெல்க!